மலைப்பழமும் ஒரு கிருமியும் - பி.காம் பையனின் புலம்பல்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. நான் படிப்பது பி.காம். பத்தாம் வகுப்போடு அறிவியலுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்தவன். அதனால் "நில அமைப்பும் நுண்ணுயிர்களின் மரபணு வேறுபாடும்" என்று நான் ஆரம்பித்தால் எங்கள் வகுப்பு மக்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள். இதில் லாப நஷ்டக் கணக்கும் இருக்கிறது. அதனால்தான் மூக்கை நுழைக்கிறேன்.

விஷயம் ஆரம்பித்தது ஒரு சீப்பு வாழைப்பழத்தில்.

எங்கள் அப்பத்தாவுக்குப் பழம் என்றால் மலைப்பழம்தான். மற்றதெல்லாம் "சும்மா பழம்". போன தைப்பூசத்துக்குப் பஞ்சாமிர்தம் பிசைய வேண்டும், பழம் வாங்கி வா என்று அனுப்பினார். திண்டுக்கல்லில் சிறுமலை செட் பக்கம் போய், விலை கேட்டு மயக்கம் போடாத குறையாகத் திரும்பி, வழியில் ஒரு தள்ளுவண்டியில் ஏதோ ஒரு சின்னப் பழத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பத்தா தோலைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

"இது மலைப்பழம் இல்லடா. யாருகிட்ட ஏமாந்துட்டு வந்த?"

"அப்பத்தா, எல்லாம் வாழைப்பழம்தானே..."

"எல்லாம் மனுசன்தான். அதுக்காக பக்கத்து வீட்டுக்காரன கூட்டிட்டு வந்து அப்பான்னு சொல்லுவியா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? :-)

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். திண்டுக்கல் ஊர் இருப்பது சமவெளியில். வெயிலும் செம்மண்ணும் பூட்டும் பிரியாணியும் எங்கள் அடையாளம். ஆனால் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும். கிழக்கே சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வேறு தட்பவெப்பம். மேற்கே பழனி மலைத்தொடர். அதில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை எல்லாம் கீழ்மலை. அதற்கும் மேலே ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். இந்த கீழ்மலையிலும் சிறுமலையிலும் விளைவதுதான் விருப்பாட்சி, சிறுமலை என்ற இரண்டு மலைவாழைகள். இரண்டும் புவிசார் குறியீடு வாங்கியவை. 2019-ல் அதே குறியீடு வாங்கிய பழனி பஞ்சாமிர்தத்துக்கும் விருப்பாட்சிதான் பேர் போன பழம். அதே கன்றைச் சமவெளியில் கொண்டுவந்து நட்டால் அந்த மணமும் ருசியும் வராது என்று மலைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்.

அதாவது, பழத்துக்கு ஊர் உண்டு என்பதை நாம் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். அரசாங்கமே முத்திரை குத்தி ஒத்துக்கொண்டிருக்கிறது.

என்னுடைய கேள்வி இதுதான். பழத்துக்கு ஊர் உண்டு என்றால், அந்தப் பழத்தை அழிக்கிற கிருமிக்கும் ஊர் உண்டா?

மலைப்பழம் ஏன் இந்த விலை விற்கிறது என்று பண்ணைக்காடு பக்கம் இருக்கும் என் பெரியப்பாவிடம் கேட்டேன். சிரித்தார். "விளைஞ்சாத்தானே தம்பி விலை குறையும்" என்றார். அவர் தோட்டத்தில் இப்போது காபி, மிளகு, கொஞ்சம் சவ்சவ். வாழை ஓரத்தில் பத்துப் பதினைந்து நிற்கிறது, வீட்டுக்கு. ஒரு காலத்தில் தோட்டம் முழுக்க வாழைதான் இருந்ததாம்.

காரணம், முடிக்கொத்து நோய். வாழையின் உச்சியில் இலைகள் விரியாமல், குறுகி, விறைப்பாக ஒரு கொத்தாக நிற்கும். காம்பில் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, தந்தி அடித்த மாதிரி இருக்கும். அந்த மரம் அநேகமாகத் தார் தள்ளாது. தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை. மருந்தும் கிடையாது. மரத்தை அழிப்பது ஒன்றுதான் வழி.

1970-களில் பழனி கீழ்மலையிலும் சிறுமலையிலும் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, இந்த நோயால் பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு கம்பெனி தன் சொத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கை எழுதித் தள்ளிவிட்டது. மிச்சம் இருப்பதைத்தான் நாம் சீப்புக்கணக்கில் விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நோயைக் கொடுப்பது ஒரு வைரஸ். (வைரஸ் உயிரா இல்லையா என்ற சண்டையை அறிவியல் மாணவர்கள் போட்டுக்கொள்ளட்டும். மரபணு இருக்கிறது, பெருகுகிறது, மாறுகிறது. எனக்கு அது போதும்.) ரொம்பச் சின்ன வைரஸ். அதன் மொத்த மரபணுவும் ஆறு வட்டமான டி.என்.ஏ துண்டுகள், ஒவ்வொன்றும் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. நம் வகுப்பு பையன்கள் பரீட்சையில் ஒரு பத்து மார்க் கேள்விக்கு எழுதுவதைவிடக் கம்மி. அதை வைத்துக்கொண்டு ஒரு மலையையே காலி செய்திருக்கிறது.

இது பரவ இரண்டே வழிதான். ஒன்று, வாழை அசுவினி என்ற கறுப்புப் பூச்சி. இரண்டு, நோய் பிடித்த தாய்மரத்தின் பக்கக்கன்று. மண்ணிலோ காற்றிலோ தானாக வராது, வெட்டுகிற அரிவாளிலும் ஒட்டாது. இதில் அசுவினி பெரிய பயணி கிடையாது. ஆஸ்திரேலியாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். புதிதாக நோய் வந்த மரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, ஏற்கனவே நோயுள்ள மரத்திலிருந்து 20 மீட்டருக்குள். 99 சதவீதம் 86 மீட்டருக்குள்.

86 மீட்டர்! அப்படியென்றால் கடல் தாண்டி, மலை ஏறி இந்தக் கிருமியைக் கொண்டுவந்தது யார்?

வேறு யார், நாம்தான். இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது 1889-ல் ஃபிஜித் தீவில். 1913-ல் இலங்கையில். 1940 வாக்கில் கேரளத்தில். அங்கிருந்து தமிழ்நாடு. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கன்று, யாரோ ஒருவர் கையில், நல்ல எண்ணத்தோடு பயணம் செய்திருக்கிறது. கன்றில் நோய் இருந்தாலும் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். பார்க்க நல்ல கன்றாகத்தான் இருக்கும். என் பெரியப்பாவும் அப்படித்தான் ஏமாந்தார். ஒரு வருஷம் கன்று பற்றாக்குறை என்று, ஒரு வியாபாரி லாரியில் கொண்டுவந்ததை வாங்கி நட்டிருக்கிறார். எந்த ஊர்க் கன்று என்று அவரும் கேட்கவில்லை, வியாபாரியும் சொல்லவில்லை. அடுத்த மழைக்குள் தோட்டத்தின் கீழ்மூலையில் உச்சி கொத்தாக நின்றுவிட்டது. மூன்றே வருஷத்தில் தோட்டமே போய்விட்டது.

இனிமேல்தான் கொஞ்சம் படிப்பாளி வேஷம் போடப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1934-ல் பாஸ் பெக்கிங் என்ற டச்சு விஞ்ஞானி ஒரு கருத்தைச் சொன்னார். நுண்ணுயிர்கள் மகா சின்னவை, காற்றும் தண்ணீரும் அவற்றை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் போடும், அதனால் எல்லா ஊரிலும் எல்லாமே இருக்கும், எது தழைக்கும் என்பதை மட்டும் அந்தந்த இடத்தின் நிலைமை முடிவு செய்யும் என்பது அதன் சாரம். யானைக்கும் சிங்கவால் குரங்குக்கும் ஊர் உண்டு, கிருமிக்கு ஊர் கிடையாது. ரொம்ப காலம் இதுதான் பொது நம்பிக்கை.

இதில் பாதி உண்மை என்பது நிரூபணம் ஆகிவிட்டது. 2006-ல் வட, தென் அமெரிக்கா முழுக்க 98 இடங்களில் மண் எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு மண்ணில் எத்தனை விதமான பாக்டீரியா இருக்கும் என்பதை வெயிலோ, பூமத்திய ரேகையிலிருந்து உள்ள தூரமோ தீர்மானிக்கவில்லை. மண்ணின் புளிப்புதான் தீர்மானித்தது. புளிப்பும் காரமும் இல்லாத நடுநிலை மண்ணில் வகைகள் அதிகம், புளித்த மண்ணில் குறைவு. மரம் செடி கொடியெல்லாம் நிறைந்த அமேசான் காட்டின் புளித்த மண்ணில்கூட பாக்டீரியா வகைகள் குறைவுதான்!

ஆனால் மீதிப் பாதி தப்பு என்று 2003-லேயே தெரிந்துவிட்டது. சல்ஃபோலோபஸ் என்று ஒரு நுண்ணுயிர். அமிலம் கொதிக்கிற வெந்நீர் ஊற்றில்தான் வாழும். அமெரிக்கா, ரஷ்யாவின் கம்சாட்கா, ஐஸ்லாந்து என்று வெவ்வேறு இடத்து ஊற்றுகளிலிருந்து எடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். எல்லா ஊற்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சூடு, ஒரே மாதிரி புளிப்பு. பழைய கருத்துப்படி எல்லாம் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தூரம் கூடக்கூட மரபணு வித்தியாசமும் கூடியிருந்தது. ஒவ்வொரு ஊற்றும் ஒரு தீவு. நடுவில் உள்ள குளிர்ந்த நிலத்தை அந்த உயிர்களால் தாண்ட முடியவில்லை, அதனால் அங்கங்கே தனித்தனியாக மாறிக்கொண்டே போயிருக்கின்றன.

ஆக, நிலம் நுண்ணுயிரை இரண்டு விதமாகச் செதுக்குகிறது. தன் மண்ணுக்கும் குளிருக்கும் தோதானதைத் தேர்ந்தெடுக்கிறது, அது ஒன்று. மலையும் கடலும் வெட்டவெளியும் நடுவில் நின்று இரண்டு கூட்டத்தைப் பிரித்துவிட்டு அவரவர் வழியில் மாறவிடுகிறது, அது இரண்டாவது.

இப்போது மறுபடி நம்ம ஊருக்கு வருவோம்.

வாழை வைரஸை மரபணு பார்த்து உலக அளவில் இரண்டு குலமாகப் பிரிக்கிறார்கள். ஃபிஜி, ஆஸ்திரேலியா, எகிப்து, இந்தியா எல்லாம் தென் பசிபிக் குலம். பிலிப்பைன்ஸ், தைவான், வியட்நாம் பக்கம் ஆசியக் குலம். (ஆசியாவில் இருக்கும் நாம் ஆசியக் குலத்தில் இல்லை. கன்று எந்தக் கடல்வழியாக வந்தது என்பதற்கு இதுவே சாட்சி.)

திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், நம் பழனி கீழ்மலையில் மலைவாழையைத் தாக்கிய வைரஸின் முழு மரபணுவையும் படித்து 2010-ல் வெளியிட்டார்கள். கூடவே இந்தியாவின் வெவ்வேறு மாநிலங்களிலிருந்து எடுத்த வைரஸ்களில் 16 மாதிரிகளின் உறைப்புரத மரபணுவையும், 13 மாதிரிகளின் பெருக்க மரபணுவையும் ஒப்பிட்டார்கள். உறைப்புரதம் என்பது வைரஸ் போட்டிருக்கும் சட்டை.

முடிவு என்ன தெரியுமா? கீழ்மலை வைரஸ் அச்சு அசலாக லக்னோ வைரஸ் மாதிரி, ஃபிஜி, எகிப்து, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா வைரஸ்கள் மாதிரி இருந்தது. சமவெளியில் கிடைத்ததும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் இரண்டு மலைகளின் வைரஸ் மட்டும் சட்டையை மாற்றிப் போட்டிருந்தது. அந்த உறைப்புரதத்தை வைத்துப் பார்த்தால் அவை தென் பசிபிக் குலத்திலும் சேரவில்லை, ஆசியக் குலத்திலும் சேரவில்லை. எந்த இரண்டு மலை? ஒன்று சேலம் சேர்வராயன் மலை. இன்னொன்று... நம்ம கொடைக்கானல்!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே மாவட்டம், ஒரே மலைத்தொடர். கீழ்மலையில் இருக்கும் கிருமிக்கு சொந்தக்காரன் ஃபிஜித் தீவில் இருக்கிறான். பஸ் பிடித்தால் போய்ச் சேருகிற தூரத்தில் இருக்கும் கொடைக்கானல் கிருமி அதற்கு அன்னியன்.

ஏன் இப்படி? என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்மலை என்பது சந்தையோடு ஒட்டிய மலை. பழம் இறங்கும், கன்று ஏறும். வர்த்தகம் நடக்கிற இடத்தில் மலை மலையாக இருப்பதில்லை, ரோடாகிவிடுகிறது. அதனால் உலகமெல்லாம் சுற்றுகிற கிருமியே அங்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. உயரத்தில், குளிரில், வாழை அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் இடத்தில், போய்ச் சேர்ந்த கிருமி தனியாக மாட்டிக்கொண்டு தன் வழியில் மாறியிருக்கலாம். வெந்நீர் ஊற்றுக்கு நடந்தது குளிர்மலைக்கும் நடந்திருக்கலாம்.

மைக்ரோபயாலஜி படிக்கும் என் ஹாஸ்டல் நண்பன் இதை உடனே மறுத்தான். "ஒரு மலைக்கு ஒண்ணு ரெண்டு சாம்பிள் வச்சுக்கிட்டு நீ கதை கட்டுற மாப்ள" என்றான். நியாயமான அடி. நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதே வாயால் நானும் திருப்பிக் கேட்டேன். ஒன்றிரண்டு மாதிரி எடுத்ததற்கே இரண்டு மலையில் எந்தக் குலத்திலும் சேராதது கிடைத்திருக்கிறது என்றால், சிறுமலை, கொல்லிமலை, ஏலகிரி, பச்சைமலை என்று எல்லா மலையிலும் ஐம்பது ஐம்பது எடுத்துப் பார்த்தால் என்னென்ன கிடைக்கும்? மாதிரி கம்மி என்பது தேடாமல் இருப்பதற்குக் காரணம் ஆகுமா, தேடுவதற்குக் காரணம் ஆகுமா? மாப்ள கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "டீ நீ வாங்கித் தா" என்றான். ஜெயித்தேன் என்றுதான் அர்த்தம்.

சரி, கிருமி வேறாக இருந்தால் நமக்கென்ன? எதுவாக இருந்தாலும் வாழை சாகத்தானே போகிறது?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

நோயில்லாத கன்று கொடுக்க வேண்டும் என்றால் முதலில் தாய்மரத்தில் நோய் இல்லை என்று சோதிக்க வேண்டும். சோதனை இரண்டு விதம். ஒன்று, வைரஸின் சட்டையை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை வைத்து. மற்றது, வைரஸின் மரபணு எழுத்துகளில் ஒரு பகுதியை அடையாளம் வைத்து. திண்டுக்கல்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூட்டும் சாவியும்தான். சாவியை எந்தப் பூட்டைப் பார்த்துச் செய்தார்களோ அந்தப் பூட்டைத் திறக்கும். உள்ளே ஒரு லீவர் மாறியிருந்தால்? திறக்கலாம், திறக்காமலும் போகலாம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு சாவியைச் செய்துவிட்டு "இது எல்லாப் பூட்டுக்கும் சேரும்" என்று எந்த ஆசாரியும் சொல்லமாட்டார். கொடைக்கானல் மலையில் மாறியிருப்பது அதே சட்டைதான் என்கிறபோது, அந்த மலையின் கிருமியையும் வைத்துச் சாவியைச் சரிபார்க்க வேண்டாமா? சோதனை தவறும் என்று நான் சொல்லவில்லை. தவறாது என்று ஒவ்வொரு மலையிலும் காட்டிவிட்டுக் கன்று கொடுங்கள் என்கிறேன்.

ஒரு ஊரில் பலித்தது எல்லா ஊரிலும் பலிக்கும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது, வாழையில் இல்லை, மனிதர்களில். காசநோய்க்கான பி.சி.ஜி தடுப்பூசி இங்கிலாந்தில் பள்ளி முடித்த பிள்ளைகளிடம் முக்கால் பங்கு பாதுகாப்பு கொடுத்தது. அதே தடுப்பூசியை 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான பேரிடம் சோதித்தார்கள். 15 வருஷம் பின்தொடர்ந்து பார்த்தும் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயை அது தடுக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். யாரும் இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள்!) ஏன் தோற்றது என்பதற்குப் பல விளக்கங்கள். முக்கியமான ஒன்று, நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் நம் உடம்பை ஏற்கனவே பழக்கிவிட்டன, ஊசி புதிதாகச் செய்ய எதுவும் மிச்சமில்லை என்பது. இன்னொன்று, தென்னிந்தியாவின் காசநோய்க் கிருமியே வேறு என்பது. 1960-களின் தொடக்கத்திலேயே சென்னை நோயாளிகளின் கிருமி பல, கினிப்பன்றிகளிடம் இங்கிலாந்துக் கிருமியைவிட வீரியம் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். பிற்பாடு மரபணு பார்த்தபோது தெற்கில் அதிகம் இருப்பது ஒரு வம்சம், வடக்கில் அதிகம் இருப்பது வேறொரு வம்சம் என்று தெரிந்தது.

ஊசி அதே ஊசிதான். மண் மாறியது, கிருமி மாறியது, கணக்கு மாறிவிட்டது.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். வணிகவியல் எங்களுக்குச் சொல்லித்தருவது தரப்படுத்தல். ஒரே அளவு, ஒரே தரம், எங்கே வாங்கினாலும் ஒரே சரக்கு. சோப்புக்கும் ஸ்க்ரூவுக்கும் அது சரி. உயிருள்ள சரக்குக்கு? கன்று என்பது வெறும் கன்று அல்ல. அதோடு அந்த ஊரின் மண்ணும் பூச்சியும் கிருமியும் இலவச இணைப்பாக வரும். பில்லில் இருக்காது, ஆனால் வந்து சேரும்.

சட்டமாவது பார்க்கிறதா? வெள்ளைக்காரன் காலத்து 1914-ம் வருஷ பூச்சி, நோய்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் முடிக்கொத்து உள்ள மாநிலங்களிலிருந்து வாழைக்கன்று வெளியே போவதற்குத் தடை போட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது மாநிலத்துக்கு மாநிலம். சட்டத்துக்குத் தெரிந்தது எல்லாம் மாநில எல்லை. அசுவினிக்கும் வைரஸுக்கும் தெரிந்தது மலை எல்லை. சேர்வராயனிலிருந்து சிறுமலைக்குக் கன்று வந்தால் அது தமிழ்நாட்டுக்குள்தானே? யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டு ஜெயித்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1913-ல் ஃபிஜிக் கன்றோடு நுழைந்த இதே நோய், 1925-க்குள் அங்கிருந்த வாழைத் தோட்டங்களைக் கிட்டத்தட்ட துடைத்துவிட்டது. மாகி என்பவர் இது அசுவினியும் கன்றும் பரப்பும் வைரஸ் நோய் என்று கண்டுபிடித்துச் சொன்னார். உடனே தோட்டங்களைப் பதிவு செய்தார்கள், ஆய்வாளர்கள் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார்கள், நோய் மரத்தை அழிப்பதைச் சட்டமாக்கினார்கள், கன்று எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் கட்டுப்படுத்தினார்கள். செத்த தொழில் மறுபடி எழுந்தது. மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, கவனியுங்கள். கணக்கு எழுதினார்கள், அவ்வளவுதான். பி.காம்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

நம்மூரிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். திருச்சி மையமும் வேளாண் பல்கலைக்கழகமும் மலைவாழை விவசாயிகளும் சேர்ந்து, வைரஸ் சோதித்த தாய்மரத்திலிருந்து திசு வளர்ப்புக் கன்று தயாரித்து நட்டிருக்கிறார்கள். அதனால்தான் இன்னும் பஞ்சாமிர்தத்துக்குப் பழம் கிடைக்கிறது. ஆனால் நோயற்ற கன்று என்பது நோய் வராத கன்று இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கொத்து நின்றால் போதும், 20 மீட்டர் தானே, அசுவினி நடந்தே வந்துவிடும். அதனால் இன்னும் மூன்று வேண்டும் என்பது என் கட்சி.

ஒன்று, மலைவாரியாகக் கிருமிக் கணக்கு. ஒவ்வொரு மலையிலும் வருஷா வருஷம் மாதிரி எடுத்து, எந்தக் குலம் எங்கே என்று பதிவு செய்வது. மக்கள்தொகை எடுக்கிறோம், புலி எண்ணுகிறோம், இதையும் எண்ணலாம்.

இரண்டு, அந்தந்த மலைக்கு அந்தந்த மலையின் தாய்மரத்திலிருந்தே கன்று. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போவதாக இருந்தால் மாநில எல்லை தாண்டுவது போலவே சோதனை.

மூன்று, கன்றுக்கு ஒரு சீட்டு. எந்த மலை, எந்தத் தோட்டம், எந்தத் தேதி சோதித்தது. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் விவரம், ஒரு குடும்பத்தின் பிழைப்பைத் தீர்மானிக்கிற கன்றில் இல்லாதது வெட்கக்கேடு.

இதெல்லாம் செலவு பிடிக்கும், ஏழை விவசாயி தலையில்தான் விழும் என்பீர்கள். விவசாயி தலையில் போடாதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். புவிசார் குறியீட்டால் பழத்தின் பேருக்கு ஒரு விலை வந்திருக்கிறது. அந்த விலையில் ஒரு பைசாவாவது அந்தப் பழம் உயிரோடு இருப்பதற்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரம் குறியீடு இருக்கும், பழம் இருக்காது.

போன மாதம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். இதையெல்லாம் மூச்சுவிடாமல் அவரிடம் சொன்னேன். குலம், சட்டை, ஃபிஜித் தீவு எல்லாம். பொறுமையாகக் கேட்டார். பிறகு தோட்டத்து ஓரம் கூட்டிப்போய், மிச்சம் நிற்கிற வாழையைக் காட்டினார்.

"இந்தக் குத்து எங்க அய்யா வச்சது தம்பி. லாரிக் கன்னு எல்லாம் செத்துச்சு. தோட்டத்துக்கு அந்தப் பக்க மூலையில நின்னதால இது தப்பிச்சது. படிச்ச பிள்ளைக யாரும் இதுவரைக்கும் வந்து இதுல ஒரு இலை கேட்டதில்ல."

சும்மா தப்பியதோ, அல்லது வேறு ஏதாவது காரணம் இருக்கிறதோ. ஒரு இலையைப் பறித்து ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும். நண்பனிடம் பேசியிருக்கிறேன், அவன் துறையில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான். இன்னொரு டீ செலவு.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, சிறுமலை பக்கம் தோட்டம் உள்ள நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வாழை எந்த ஊர்க் கன்று என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். தெரியாது என்பதும் ஒரு பதில்தான், அதையும் சொல்லுங்கள்.

பஞ்சாமிர்தம் என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். அப்பத்தா மறுபடி என்னைச் சிறுமலை செட்டுக்கே அனுப்பினார், பஸ் காசு என் கையிலிருந்து.